ஏப்ரல் சீசனுக்கு முன்னாடி ஒரு டவுன் பார்க்: கான் முதல்ல, பூ பிறகு

2024 பெப்ரவரில இருந்து ஜூலை வரைக்கும் இலங்கை மலையகத்துல ஒரு சின்ன டவுன்ல, பிரதேச சபைக்கு சொந்தமான பார்க்கையும் கிரவுண்டையும் ஏப்ரல் சீசனுக்கு தயார் பண்ணின கதை இது. கான்னு சொல்றது மழைத்தண்ணி வடிஞ்சு போற வாய்க்கால. டவுன் பேரும் ஆட்கள் பேரும் வேணும்னே விட்டிருக்கேன். அந்த வேலைக்கு போட்ட கமிட்டில குறிப்பு எழுதுற பொறுப்பு எனக்கு இருந்துச்சு, அதனால யார் என்ன சொன்னாங்க, எந்த முடிவு ஏன் எடுத்தாங்கன்னு பெரும்பாலும் எழுத்துல இருக்கு. வேற டவுன்ல இதே வேலைய பாக்குறவங்களுக்கு பிரயோசனப்படும்னு நம்பி எழுதுறேன்.

பின்னணி

நுவரெலியா மாவட்டம், கிட்டத்தட்ட 4000 அடி உயரம், மூணு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் மெயின் ரோட்டு. ரோட்டோரமா ஒரு சின்ன பார்க், அதுக்கு பின்னால கொஞ்சம் தாழ்வா ஒரு கிரவுண்ட், கிரவுண்டுக்கு மேல சரிவுல தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் குடும்பங்க இருக்கிற வரிசை வீடுகள். ஏப்ரல் மாசம் வந்தா இந்த ரோட்டால வாகனம் வரிசையா நுவரெலியாவுக்கு ஏறும். அங்க 1897ல ஆரம்பிச்ச விக்டோரியா பார்க், 1873ல கட்டின கிரகரி ஏரி, மலர்க்காட்சி, குதிரை ஓட்டம்னு வசந்த கால சீசன் களை கட்டும், போற வழில இருக்கிற நம்ம டவுன்லயும் சனம் இறங்கி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு போகணும்ங்கறது கடைக்காரங்களோட நியாயமான ஆசை. அதனால ஒவ்வொரு வருஷமும் மார்ச் கடைசில சபை ஆட்கள் வந்து ரோட்டுப்பக்கம் பூப்பாத்தி போடுவாங்க, கல்லுக்கு வெள்ளையும் சிவப்பும் அடிப்பாங்க, வாங்குகளுக்கு பச்சை பெயின்ட், புது போர்ட் ஒன்னு. பின்னால இருக்கிற கிரவுண்டுக்கு புல்லு வெட்டுற மெஷின் ஒரு தடவை ஓடும், அவ்வளவுதான்.

ஆனா வருஷம் பூரா அந்த இடத்த பாவிக்கிறது வேற ஆட்கள். லயத்து பிள்ளைங்க, ரெண்டு பள்ளிக்கூடத்து பசங்க, பின்னேரம் வாங்குல வந்து உக்காருற வயசானவங்க, ஞாயிற்றுக்கிழமைல கிரிக்கட் ஆடுற இளைஞர் கழகம். தோட்டத்து ஆட்களுக்கு சபை வேலை செய்யறதுல நீண்ட காலமா ஒரு சட்டச் சிக்கலும் இருந்துச்சு. 1987ம் வருஷத்து 15ம் இலக்க பிரதேச சபை சட்டத்தோட 33வது பிரிவு காரணமா தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க முடியாதுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, 2018லதான் அத திருத்தினாங்க. திருத்தி ஆறு வருஷம் ஆகியும் பழைய பழக்கம் போகல, "அது தோட்டத்து பக்கம்"னு சொன்னா பேச்சு அங்கயே முடிஞ்சிரும். கிரவுண்ட் சபைக்கு சொந்தம், ஆனா தண்ணி வர்றது தோட்டத்து பக்கத்துல இருந்து. இந்த கதைல முக்கியமான விஷயமே இதுதான்.

இன்னொன்னு. உள்ளூராட்சி சபைகளோட காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சு, தேர்தல் தள்ளிப்போய்ட்டே இருந்த நேரம். உறுப்பினர் யாரும் கிடையாது, செக்ரட்டரி தான் எல்லாத்துக்கும் பொறுப்பு. புதுசா மாற்றலாகி வந்த மேடம். காசு குறைவு, ஆட்களும் குறைவு. ஆனா சிபாரிசு தொல்லையும் குறைவா இருந்ததால ஒரு முடிவ எடுத்தா அதுல நிக்க முடிஞ்சதுன்னும் சொல்லணும்.

பெப்ரவரில பார்த்தது

பெப்ரவரி நடுவுல செக்ரட்டரி மேடம், வேலை சுப்பர்வைசர், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதார பரிசோதகர்), பக்கத்து பள்ளிக்கூட பி.டி. (உடற்பயிற்சி) மாஸ்டர், முன்பள்ளி டீச்சர் ஒருத்தங்க, கடைக்காரர் சங்கத்துல ரெண்டு பேர், நான்னு எல்லாரும் இடத்த சுத்தி நடந்து பார்த்தோம். வடகிழக்கு பருவமழை ஓய்ஞ்சு காலைல குளிரும் பகல்ல வெயிலுமா இருக்கிற காலம், அந்த நேரத்துல கிரவுண்ட் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கீழ் மூலைல புல்லே இல்ல, வெடிச்சு காய்ஞ்ச சேறு. நடுவுல கிக்குயு புல்லு மெத்தை மாதிரி தடிச்சு கிடக்கு, அதுக்கு கீழ மண்ணு கல்லா இறுகிப்போச்சு, அலவாங்கு குத்தினா ரெண்டு அங்குலத்துக்கு மேல இறங்கல. மேல் பக்கத்துல முந்தி ஒரு கான் இருந்த தடம் தெரியுது, முழுசா மண் மூடி அதுல செடி முளைச்சு கிடக்கு.

ஊஞ்சல் நாலுல ரெண்டுக்கு சங்கிலிய மாட்டுற கொக்கி பாதி தேஞ்சிருந்துச்சு. சறுக்கோட அடித்தகரம் துரு பிடிச்சு விளிம்பு கத்தி மாதிரி நிக்குது. ஊஞ்சலுக்கு கீழ வெறும் இறுகின மண், அதுல கொன்கிரீட் அடித்தளம் வெளில தெரியுது. பிள்ளைங்க ஏறி விளையாட மண்ணுல பாதி புதைச்சு வச்ச பழைய டயருக்குள்ள தண்ணி. பி.எச்.ஐ. டோர்ச் அடிச்சு பார்த்துட்டு கூட்டுப்புழு இருக்குன்னு காட்டினார். உயரம் கூடின இடத்துல டெங்கு குறைவுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆட்கள்கிட்ட இருக்கு, அத நம்பி தண்ணிய தேங்க விடுறது சரியில்லன்னு அவர் அங்கயே சொன்னார்.

நடந்து முடிஞ்சதும் முன்பள்ளி டீச்சர் ஒரு விஷயம் சொன்னாங்க, எனக்கு அது இன்னும் ஞாபகத்துல நிக்குது. "போன வருஷம் ஏப்ரல்ல பூ நல்லா பூத்துச்சு மேடம். மே மாசம் என் முன்பள்ளி பிள்ளைங்கள ஒரு நாளாவது இங்க கூட்டி வரல, சேறு. ஜூன், ஜூலையும் அப்படித்தான்." தென்மேல் பருவமழை மே கடைசில பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாது, அப்போ அந்த கிரவுண்ட் வருஷத்துல பாதிக்கு பாதி மூடின மாதிரிதான்.

எத முதல்ல செய்யறது

இருந்த காசு எல்லாத்துக்கும் காணாது. கடைக்காரர் சங்கம் கேட்டது ரோட்டுப்பக்க பூப்பாத்தி, லைட், போட்டோ எடுக்க ஒரு அலங்கார வளைவு. சுப்பர்வைசர் கேட்டது கீழ் மூலைக்கு புது புல்லு பதிக்க ரெண்டு லொறி மண். ரெண்டையும் மேடம் எழுதிக்கிட்டாங்க, உடனே ஒன்னும் சொல்லல. அடுத்த கூட்டத்துக்கு தோட்டத்துல ரிட்டயர் ஆன ஒரு கங்காணிய கூப்பிட்டிருந்தாங்க. கான் வெட்டு வேலைய பல வருஷம் மேற்பார்வை பார்த்தவர். அவர் வந்து இடத்த பார்த்துட்டு புல்லப் பத்தி பேசவே இல்ல, நேரா மேல் பக்கத்துக்கு ஏறிப் போய் நின்னு, "மேடம், தண்ணி எங்க போகணும்னு முடிவு பண்ணாம புல்லு பதிச்சா புல்லும் போயிடும் சல்லியும் போயிடும்"னு சொன்னார்.

அன்னைக்கு எடுத்த முடிவு இது. முதல்ல கான், ரெண்டாவது விளையாட்டு சாமான்களோட பாதுகாப்பு, மூணாவது கிரவுண்டு மண்ண இளக்கி விடுறது, மிச்சம் இருக்கிற காசுல பூ. வளைவு இந்த வருஷம் இல்ல. காரணத்தையும் எழுதி வச்சோம். மார்ச் ஏப்ரல்ல வர்றது இடைப்பருவ மழை, பின்னேரத்துல ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலம் கொட்டிட்டு போயிடும், கான்ல ஏதாவது பிழை இருந்தா அந்த மழைல தெரியும், திருத்த நேரமும் இருக்கும். மே கடைசில பருவமழை பிடிச்சிட்டா மண்வெட்டிய போட முடியாது. அதாவது வேலை செய்யவும் செய்த வேலைய சோதிச்சு பார்க்கவும் இருக்கிற ஒரே இடைவெளி பெப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான், அத பெயின்ட் அடிக்கிறதுல செலவழிக்க கூடாதுங்கறது வாதம்.

கடைக்காரங்களுக்கு மனசு சுளிச்சது உண்மை. ஒருத்தர் "வருசத்துல எங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு மாசம்"னு சொன்னார், அவர் சொன்னதுலயும் பிழையில்ல. அவங்களுக்காக ஒன்னு செய்தாங்க. பார்க்ல ஏற்கனவே இருந்த ரோஜாவ பெப்ரவரி கடைசிக்குள்ள கவ்வாத்து பண்ணி எரு போடுறதுன்னு, நம்ம குளிருக்கு கவ்வாத்து வெட்டி ஏழெட்டு கிழமைல பூ வரும், காசு செலவு இல்லாம ஏப்ரல் நடுவுக்கு பூ நிக்கும். ஹைட்ரேஞ்சியாவ மட்டும் இந்த நேரத்துல வெட்ட வேணாம்னு சொல்லி வச்சாங்க, முந்தின வருஷம் கண்டபடி வெட்டி பூக்க வேண்டிய நுனியெல்லாம் போயிடுச்சாம்.

கான் வேலை

கங்காணி ஐயா தனக்கு தெரிஞ்ச ஆறு பேர கூட்டி வந்தார், எல்லாரும் தோட்டத்துல கான் வெட்டி பழகினவங்க, ரெண்டு பேர் ரிட்டயர் ஆனவங்க, மத்தவங்க வேலை இல்லாத நாள்ல வந்தாங்க. அப்போ தோட்டத்துல நாள் சம்பளம் 1000 ரூபாய், அதுக்கு கூடுதலா கொடுக்கணும்னு மேடம் நின்னாங்க, கொந்தராத்துக்காரருக்கு கொடுத்திருந்தா எஸ்டிமேட்ல அது இன்னும் எவ்வளவோ மேல போயிருக்கும்னு சுப்பர்வைசரே ஒத்துக்கிட்டார். சபை தொழிலாளர்கள்ல பாதிப்பேர் சிங்கள ஆட்கள், முதல் நாள் கொஞ்சம் விலகி நின்னாங்க, ஐயா சிங்களமும் நல்லா பேசுவார், ரெண்டாவது நாள்ல இருந்து கயிறு பிடிக்கிறதும் மண் அள்ளுறதும் சேர்ந்துதான்.

அவர் செய்த முறை தேயிலை மலைல செய்யறதேதான். மலைக்கு குறுக்கால, மட்டத்த ஒட்டி, ரொம்ப லேசான சாய்வுல ஒரு கான். சாய்வு நூத்தி இருபதுக்கு ஒன்னு, அதாவது 120 அடி ஓடினா ஒரு அடி இறக்கம். அதுக்கு மேல சாய்ச்சா தண்ணி வேகம் எடுத்து கானையே அரிச்சிடும், குறைச்சா மண் படிஞ்சு மூடிடும். கானுக்குள்ள கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடுப்பு மேடு, கானோட வாய விட உயரம் குறைவா. மழை தண்ணி ஒவ்வொரு குழிலயும் நின்னு மண்ண அங்கயே விட்டுட்டு மேல வழிஞ்சு அடுத்ததுக்கு போகும். அந்த படிஞ்ச மண்ண அப்பப்போ அள்ளி மேல் பக்கத்துல போடணும். இதெல்லாம் நம்ம ஆட்கள் நூறு வருஷத்துக்கு மேல செய்து வர்ற வேலை, ஆனா டவுன் பார்க்குக்கு ஒரு வேலைன்னு வரும்போது அந்த அறிவு யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல. வெளில இருந்து ஒரு எஸ்டிமேட் வரும், கொன்கிரீட் போடுவாங்க, ரெண்டு வருஷத்துல அதுக்குள்ள மண் நிறைஞ்சு கிடக்கும்.

மேல் கானுக்கு மண்வெட்டி போட வேண்டிய இடம் கொஞ்சம் தோட்டத்து எல்லைக்குள்ள போச்சு. பழைய மாதிரி இருந்தா வேலை அங்கயே நின்னிருக்கும். மேடம் 2018 திருத்தத்த கைல வச்சுக்கிட்டு தோட்டத்து துரைய, அதாவது மேனேஜர, போய் நேர்ல பார்த்தாங்க, எழுத்துல அனுமதி வாங்கினாங்க, லயத்து தலைவர்கிட்டயும் சொல்லி வச்சாங்க. லயத்து பீலில (பொதுவா தண்ணி பிடிக்கிற குழாய்ல) இருந்து வழியுற தண்ணியும் அந்த பக்கம்தான் வருது, அதயும் கான்ல சேர்த்ததால லயத்து வாசல்ல தேங்குறது நின்னுச்சு, அதுக்கு பிறகு அந்த வீட்டு ஆட்களே கான்ல குப்பை போடுறவங்கள சத்தம் போட ஆரம்பிச்சாங்க.

பழைய கான்ல எலி வளை இருந்ததால வேலை தொடங்க முன்னாடி பி.எச்.ஐ. எல்லாருக்கும் எலிக்காய்ச்சல் பத்தி சொல்லி, தடுப்பு மாத்திரைக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் மூலமா ஏற்பாடு பண்ணினார். கால்ல காயம் இருந்த ஒருத்தர தண்ணிக்குள்ள இறங்க விடல, அவருக்கு மேல் வேலை கொடுத்தாங்க.

கீழ் பக்கத்துல கான் போய் சேர்றது மெயின் ரோட்டுக்கு அடில இருக்கிற மதகு. மதகு சபைக்கு சொந்தமில்ல, வேற ஒரு இடத்துக்கு எழுதணும். மார்ச் முதல் கிழமைல கடிதம் போச்சு. இதுக்கு பின்னால வர்றேன்.

கிரவுண்டு மண்ணுக்கு முள்ளு (மண்ண இளக்குற இரும்பு முள்ளுக்கரண்டி) குத்தினாங்க, பள்ளிக்கூட பெரிய பசங்களும் இளைஞர் கழகமும் ரெண்டு சனிக்கிழமை சேர்ந்து வந்து செய்தது. முள்ள நேரா இறக்கி லேசா அசைச்சு எடுக்கணும், புரட்ட கூடாது, அந்த ஓட்டைக்குள்ள மணலும் கொம்போஸ்டும் கலந்து கூட்டி விட்டா வேருக்கு காத்தும் தண்ணியும் போகும். மணல் விலைக்கு முழு கிரவுண்டுக்கும் போட முடியாது, கீழ் பாதிக்கு மட்டும்தான். கிருமிநாசினி, புல்லு மருந்து எதையும் பிள்ளைங்க விளையாடுற இடத்துல பாவிக்கிறதில்லன்னும் அப்பவே முடிவு, சுரண்டி போட்டு கையாலதான் எடுத்தாங்க.

ஊஞ்சலும் டயரும்

தேஞ்ச கொக்கி இருந்த ரெண்டு ஊஞ்சலையும் அன்னைக்கே கழட்டி வச்சாங்க, புது கொக்கி வந்த பிறகுதான் மாட்டினது. சில பெத்தவங்க "இருந்ததையும் கழட்டிட்டாங்க"ன்னு குறை சொன்னாங்க, முன்பள்ளி டீச்சர் தேஞ்ச கொக்கிய கைல வச்சு காட்டின பிறகு யாரும் பேசல. ஊஞ்சலுக்கு கீழ ஒரு அடி ஆழம் வெட்டி ஆத்து மணல் நிரப்பினாங்க. டயருக்கெல்லாம் அடில துளை போட்டு தண்ணி நிக்காம செய்தாங்க, வெடிச்சத எல்லாம் தூக்கினாங்க. சறுக்கு தகரத்த மாத்த காசு வரல, விளிம்ப மடிச்சு வெல்டிங் பண்ணி சமாளிச்சது.

நேரம் யாருக்கு வசதி

நிகழ்ச்சிகள் பக்கம் வருவோம். முந்தி சபை வச்ச உடற்பயிற்சி வகுப்பு கிழமை நாள்ல பின்னேரம் 3.30க்கு. அந்த நேரத்துல கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க மலைல நிப்பாங்க, கடைல வேலை செய்யறவங்க கடைல. ஆபிஸ் ஆட்கள் நாலஞ்சு பேர்தான் வந்தாங்க, பிறகு "சனத்துக்கு ஆர்வமில்ல"ன்னு ரிப்போர்ட். இந்த தடவை லயத்துல வீடு வீடா போய் கேட்டது முன்பள்ளி டீச்சரும் அவங்களோட ரெண்டு அம்மாமாரும். ஞாயிறு காலைல பத்து மணிக்கு முன்னாடின்னா வருவோம், ஆனா பிள்ளைங்களையும் கூட்டிட்டுத்தான் வர முடியும், டொய்லட் வேணும். இந்த மூணும்தான் எல்லா இடத்துலயும் வந்த பதில். காலை 7.30க்கு பொம்பளைங்களுக்கு நடையும் பயிற்சியும், அதே நேரம் பிள்ளைங்களுக்கு பி.டி. மாஸ்டர் விளையாட்டு. முதல் ஞாயிறு கொஞ்சப்பேர், நாலாவது ஞாயிறு இடம் காணல. டொய்லட் விஷயம் மட்டும் தீரல, பள்ளிக்கூடத்து டொய்லட்ட திறந்து விட ஏற்பாடு பண்ணினாங்க, அது தற்காலிகம்தான்.

புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கு தேதி வைக்கிறது பெரிய பேச்சாச்சு. தோட்டத்துக்கு லீவு ஞாயிறு, அதனால ஞாயிறுதான். ஏப்ரல் 7 நோன்பு காலம், டவுன்ல முஸ்லிம் ஆட்கள் நிறைய, நோன்போட பிள்ளைங்கள ஓட விட முடியாது. 14 புத்தாண்டுக்கு மறுநாள், எல்லாரும் கோயிலுக்கும் சொந்தக்காரங்க வீட்டுக்கும் போயிருப்பாங்க. 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து சரியா ஐஞ்சு வருஷம், அன்னைக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டி பாட்டு போடுறது மனசுக்கு ஒத்துக்காதுன்னு கடைக்காரர் ஒருத்தரே முதல்ல சொன்னார். மிச்சம் 28. சீசன் சனம் அதுக்குள்ள இறங்கி போயிருக்கும், வியாபாரத்துக்கு நட்டம், ஆனா டவுன்ல எல்லாரும் சேர்ந்து நிக்கக்கூடிய நாள் அதுதான்னு 28ஐ வச்சாங்க. இந்த முடிவ நான் இப்பவும் சரின்னுதான் சொல்வேன்.

நேரம் காலை 8ல இருந்து பகல் 1 வரைக்கும். ஏப்ரல்ல வளிமண்டலவியல் திணைக்களத்தோட அறிக்கைய பார்த்தா கிட்டத்தட்ட தினமும் "பி.ப. 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை"ன்னுதான் இருக்கும், அப்படியிருந்தும் நம்ம ஊர்ல எல்லா விளையாட்டும் பின்னேரம் 2 மணிக்குத்தான் தொடங்குவாங்க.

மரத்துல குளவி

மார்ச் கடைசில பார்க்கோட கிழக்கு மூலைல இருக்கிற உயரமான யூகலிப்டஸ் கிளைல பெரிய கூடு ஒன்னு கட்டிட்டு இருந்தது தெரிஞ்சது. தோட்டத்துல நாங்க குளவின்னுதான் சொல்வோம், மரக்கிளைல பலகை மாதிரி தொங்குற பெரிய தேனீ. மலைல கொழுந்து எடுக்கும்போது இது கொட்டி ஆட்கள் செத்திருக்காங்க, பலபேர் ஆஸ்பத்திரில கிடந்திருக்காங்க, அதனால கூடுன்னு கேட்டதும் பயம் வர்றது இயல்பு. ரெண்டு பேர் ராத்திரில பந்தம் கொளுத்தி எரிச்சிடலாம்னு வந்தாங்க. சுப்பர்வைசரும் அத்தான் சரின்னார்.

கங்காணி ஐயா வேணாம்னு தடுத்தார். இந்த குளவி ஒரே இடத்துல வருஷம் பூரா இருக்காது, பூ முடிஞ்சா கிளம்பி போயிடும், உயரத்துல இருக்கிறது யாரும் சீண்டாத வரைக்கும் பெரும்பாலும் கீழ வராது. நெருப்பு வச்சா சிதறி லயத்துக்குள்ளதான் வந்து விழும். புகை, கல்லு, பட்டாசு, பருந்து கொத்துறது, இதெல்லாம்தான் கலைக்கும். கமிட்டி எடுத்த முடிவு, மூலைய கயிறு கட்டி மூடுறது, ரெண்டு மொழிலயும் போர்ட், பக்கத்துல புல்லு வெட்டுற மெஷின் ஓட்டுறதில்ல, போட்டிய முழுசா மேற்கு பக்கத்துக்கு மாத்துறது, அன்னைக்கு பட்டாசு கிடையாது, ஸ்பீக்கர் ரோட்டுப்பக்கம் பார்த்து. கொட்டினா என்ன செய்யறதுன்னு பி.டி. மாஸ்டர் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தார். கைய வீசாம முகத்த மூடிக்கிட்டு கட்டடத்துக்குள்ள ஓடணும், நிறைய கொட்டு விழுந்தவங்கள, மூச்சு திணறுறவங்கள, முகம் வீங்குறவங்கள வீட்டு வைத்தியம் பார்க்காம நேரா ஆஸ்பத்திரி. வழுக்கு மரம் நட இருந்த இடமும் அந்த மூலைக்கு கிட்ட இருந்ததால அத இந்த வருஷம் விட்டாங்க, இளைஞர் கழகத்துக்கு அதுல பெரிய வருத்தம்.

யாருக்கும் கொட்டல. மே முடியும்போது வெறும் அடை மட்டும் தொங்கிச்சு.

28ஆம் தேதி

காலைல வானம் சுத்தம். சட்டி உடைக்கிறது, யானைக்கு கண் வைக்கிறது, பன் சாப்பிடுறது, கரண்டில தேசிக்காய் ஓட்டம், தலையணை சண்டைன்னு வேகமா போச்சு, அறிவிப்பு தமிழ்லயும் சிங்களத்துலயும். முதியோருக்கு வச்ச மெதுநடை போட்டிலதான் கைதட்டல் அதிகம். 12 மணிக்கு பிறகு மேற்கு பக்கம் கருக்க தொடங்கிச்சு. கயிறு இழுத்தல் இறுதிப்போட்டிக்கு ரெண்டு குழுவும் நிக்குது, தோட்டத்து குழுவும் டவுன் குழுவும், சனமெல்லாம் அத பார்க்கத்தான் காத்திருக்கு. மின்னல் ஒன்னு அடிச்சுச்சு, பி.டி. மாஸ்டர் மணிக்கூட்ட பார்த்து எண்ணினார், இடி கேட்க முப்பது செக்கன் ஆகல. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூணு செக்கன், முப்பதுன்னா பத்து கிலோமீட்டர், அதுக்குள்ள வந்துட்டா வெளில நிக்கக்கூடாதுங்கறது முன்கூட்டியே எழுதி வச்ச விதி. அவர் உடனே மைக்க வாங்கி நிறுத்தினார்.

தோட்டத்து குழு தலைவன் வந்து, "மாஸ்டர், அஞ்சே நிமிஷம், இழுத்து முடிச்சிட்டு போயிடறோம்"னு கெஞ்சினான். அவர் பதில் சொன்னது இவ்வளவுதான். "தம்பி, ஈரக்கயிற பிடிச்சுக்கிட்டு வெட்ட வெளில பதினாறு பேர் நிக்கிறீங்க. முடியாது." சனத்த மரத்துக்கு அடில ஒதுங்க விடாம, தகர கொட்டகைலயும் நிக்க விடாம, ரோட்ட தாண்டி பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பினாங்க, ரோட்டுல வாகனத்த நிறுத்த இளைஞர் கழக பசங்க நின்னாங்க. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் ஆகணும் திரும்ப வெளில வர, மழை நாலு மணி வரைக்கும் விடல. பரிச மண்டபத்துலயே கொடுத்தாங்க. இறுதிப்போட்டி ரெண்டு கிழமை கழிச்சு ஒரு ஞாயிறு காலைல நடந்துச்சு, தோட்டம் ஜெயிச்சது.

பிறகு நடந்தது

அன்னைக்கு பெய்த மழைதான் கானுக்கு உண்மையான பரீட்சை. மறுநாள் பின்னேரம் கிரவுண்ட் மேல் பாதி காய்ஞ்சு பசங்க கிரிக்கட் ஆடினாங்க, முந்தியெல்லாம் அப்படி ஒரு மழைக்கு நாலு நாள் சேறு. கீழ் மூலைல மட்டும் தண்ணி நின்னுச்சு, காரணம் ரோட்டுக்கு அடில இருந்த மதகு, பாதி அடைஞ்சு கிடந்தது. மார்ச்ல போன கடிதத்துக்கு பதில் வரல. மே கடைசில பருவமழை பிடிச்சதும் அந்த இடத்துல கான் உடைஞ்சு பக்கத்து கடைக்குள்ள தண்ணி போச்சு, அந்த கடைக்காரர் ஏற்கனவே வளைவு வேணும்னு கேட்டவர், அவருக்கு கோபம் வந்ததுல நியாயம் இருக்கு. செக்ரட்டரி மேடம் நேர்ல போய் பேசி ஜூலைல மதகு துப்புரவாச்சு. புதுசா கொத்தி விட்ட கீழ் பாதி மண்ணும் அந்த வெள்ளத்துல கொஞ்சம் போயிடுச்சு.

ரோஜா ஏப்ரல் மூணாவது கிழமைல நல்லா பூத்துச்சு. பூப்பாத்தி சின்னதா ஒன்னுதான், வியாபாரம் குறைஞ்சதான்னு கேட்டா கடைக்காரங்க ஒவ்வொருத்தர் ஒவ்வொன்னு சொன்னாங்க, அத வச்சு ஒரு முடிவும் சொல்ல முடியாது. முன்பள்ளி பிள்ளைங்க ஜூன் மாசத்துல, மழை விட்ட நாள்ல, வந்தாங்க.

மாத்த வேண்டியது

மதகு மாதிரி வேற இடத்தோட அனுமதி வேண்டிய வேலைய கான் வெட்ட தொடங்கறதுக்கு முன்னாடியே முடிக்கணும். தண்ணிய ஒரு இடத்துல சேர்த்து கொண்டு போய் விடுறோம்னா போய் சேர்ற வாய் திறந்திருக்கணும், இல்லன்னா பரவலா தேங்கினது ஒரே ஆள் கடைக்குள்ள போகும். கடிதத்த டிசம்பர்லயே போட்டு, ஜனவரில ஆள் போய் கேட்டிருக்கணும்னு கமிட்டி எழுதி வச்சிருக்கு. அது தயாராகலன்னா கீழ் கானை அந்த வருஷம் வெட்டாம விடுறதுதான் சரி.

மேல் கான்ல படியுற மண்ண யார் அள்ளுறதுன்னு முதல் வருஷம் யாருக்கும் பொறுப்பு கொடுக்கல, ஆகஸ்ட்ல பார்த்தப்போ தடுப்பு குழில பாதி நிறைஞ்சு கிடந்துச்சு. வெட்டுறதுக்கு காசு ஒதுக்கும்போதே அள்ளுறதுக்கும் ஒதுக்கணும். மத்தபடி இடி விதிய மைதானத்துல வச்சு முடிவு பண்ணாம முன்னாடியே எழுதி ரெண்டு குழுவுக்கும் கொடுத்தது அப்படியே இருக்கணும், அது இல்லன்னா பி.டி. மாஸ்டரால அன்னைக்கு அந்த சனத்துக்கு முன்னாடி நின்னிருக்க முடியாது.

2025ல மதகுக்கு கடிதம் முன்னாடியே போச்சு, கான் வேலை ஜனவரிலயே தொடங்கிச்சு, கங்காணி ஐயாவுக்கு உடம்பு முடியாததால அவரோட வேலை செய்த ஒருத்தர் பொறுப்பெடுத்தார். ஊஞ்சல் கொக்கிய மாசத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுற கொப்பி முன்பள்ளி டீச்சர்கிட்ட இருக்கு. அந்த வருஷம் மே 6 தேர்தலுக்கு பிறகு புது சபை வந்திருக்கு, பொம்பளைங்களுக்கு டொய்லட் கட்டுற எஸ்டிமேட்ட அவங்ககிட்ட கொடுத்திருக்கோம், ஞாயிறு காலைல இன்னும் பள்ளிக்கூடத்து சாவியத்தான் வாங்கிட்டு வர வேண்டியிருக்கு.